இருபது கஜம் டைட்டின்

1989ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் முழுக்க, திருவண்ணாமலையில் ஒரு டீச்சருக்குக் கால் தரையில் பாவவே இல்லை. பெயர் சந்தனா, வயது முப்பத்தெட்டு. காரணம் லாட்டரி இல்லை, வீட்டில் கல்யாணமும் இல்லை. ஒரு புரதம்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சமணக் கிராமத்தில் பிறந்த நயினார் வீட்டுப் பெண். எறும்புச் சாரையைக் கண்டால் நின்று, தாண்டிப் போகிற குடும்பம். அதில் இவளுக்கு மட்டும் விலங்கியல் மேல் எப்படிப் பித்துப் பிடித்ததோ! வேலூரில் படிக்கும்போது தவளை அறுக்கிற நாட்களில் பக்கத்து மேஜை வேதா கத்தியைப் பிடிப்பாள், இவள் படம் வரைவாள். படங்கள் அத்தனை அழகாக இருந்ததில் கத்தி யார் கையில் இருந்தது என்று கேட்கப் பேராசிரியருக்குத் தோன்றவே இல்லை. இப்படி ஒரு தவளையையும் தொடாமல் எம்.எஸ்ஸி. முடித்த சாமர்த்தியசாலி, வேலைக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள். "அறுக்க மாட்டீங்கன்னா பிளஸ் டூ எப்படிங்க குடுக்கறது?" என்று சொல்லி, தலைமை ஆசிரியை ராஜம்மாள் அவளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார். பதினோரு வருஷம் ஆயிற்று. பிளஸ் டூ விலங்கியல் வகுப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சந்தனாவுக்கு வயிறு எரியும்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு என்பதால் ஆறு மணிக்குமேல் அடுப்படியில் வேலை இல்லை. கணவர் ஜினதாசன் ரேடியோவைத் திருகுவார், இவள் படிப்பாள். சென்னையில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஜீவகுமார் வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவான். அந்த மாதம் வந்த உறையில்தான் டைட்டின் வந்து சேர்ந்தது.

தசைக்குள் இரண்டு வகை இழைகள் என்றுதான் அவள் படித்திருந்தாள். தடித்த இழை நடுவில், மெல்லிய இழைகள் இரு பக்கச் சுவர்களிலிருந்து நீண்டு அதன்மேல் வழுக்கும், தசை சுருங்கும். சரி, சுருங்கட்டும். ஆனால் சும்மா கிடக்கிற தசையை இழுத்து விட்டாலும் அது தானாகத் திரும்பி வருகிறதே, அதை யார் இழுத்துக்கொண்டு வருவது? மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான், பெயர் டைட்டின் என்றது கட்டுரை. மணி கோத்தது போல் நீளமான ஒரே மூலக்கூறு. தெரிந்த புரதங்களிலேயே பெரியது. ஒரு முனை சுவரில், மறு முனை தடித்த இழையின் நடுவில். சுவரை ஒட்டிய பாகம் மட்டும் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்துப் பிடிப்பதால் தடித்த இழை நடுவை விட்டு நகராது.

"ஏங்க, இத்தனை நாளா இவன் உள்ள உக்காந்துகினு இருந்திருக்கான், ஒருத்தருக்கும் தெரியலங்க!" என்று ஜினதாசனை உலுக்கினாள்.

"யாரு?" என்று பதறி எழுந்து கதவுப் பக்கம் பார்த்தார் அவர்.

அன்றிலிருந்து இழுத்தால் நீளுகிற எல்லாமே அவளுக்கு டைட்டின்தான். "உங்க காலுறையில டைட்டின் செத்துப்போச்சு" என்பாள். ஜினதாசனும் இரண்டே நாளில் பழகிவிட்டார். இந்தப் பழக்கம்தான் பின்னால் அவள் மானத்தை வாங்கியது.

விலங்கியல் டீச்சர் பிரசவத்துக்குப் போனதும் ராஜம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். "வியாழக்கிழமை மேலதிகாரி வராருங்க. பிளஸ் டூவுக்குத் தசைப் பாடம் நடத்திக் காட்டுங்க. தவளைக்குக் காசிகிட்ட சொல்லிட்டேன். நல்லா பண்ணீங்கன்னா வகுப்பு உங்களுது. இல்லன்னா இனிமே என்னைக் கேக்காதீங்க."

ஆய்வகப் பணியாளர் காசி மறுநாளே வயலில் பிடித்த தவளையைப் பானையில் போட்டு, மேலே தட்டு வைத்து மூடி, கொண்டுவந்து வைத்தார். சந்தனா தட்டைத் தூக்கிப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. அவள் தட்டை மூடிவிட்டு மைதானத்துக்குப் போய் முப்பது பெண்களை வரிசையாக நிறுத்தினாள்.

யோசனை இதுதான். இந்தக் கோடியில் ஆறு பேர், அந்தக் கோடியில் ஆறு பேர்: சுவர்கள். அவர்கள் நீட்டுகிற கைகள் மெல்லிய இழைகள். நடுவில் நீள மூங்கிலைத் தோளில் சுமந்த எட்டுப் பேர் தடித்த இழை. மூங்கிலுக்கும் சுவர்களுக்கும் இடையே எலாஸ்டிக். மிச்சப் பத்துப் பேர் பக்கத்துக்கு ஐந்தாகப் பிரிந்து சுவர்களை வெளியே இழுக்க வேண்டும். விட்டதும் எலாஸ்டிக் அந்தச் சுவர்களைத் திரும்பக் கொண்டுவரும்.

வியாழக்கிழமை காலையில் காசியைப் பள்ளிக்கு எதிரே இருக்கும் தையல்காரர் வேணுவிடம் அனுப்பினாள். "இருபது கஜம் டைட்டின் வாங்கிட்டு வாங்க" என்றாள். எலாஸ்டிக் என்ற சொல் அவள் நாக்கிலிருந்தே போய்விட்டிருந்தது.

காசி போய், "டீச்சரு டைட்டுன்னு இருபது கஜம் கேட்டாங்க" என்றார். வேணு ஒரு கணம் யோசித்தார். பெண்கள் பள்ளிக்கூடம். இறுக்கிக் கட்டணும். அவர் தொழிலில் அதற்கு ஒரே பதில்தான். இருபது கஜம் பாவாடை நாடாவை அளந்து காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

அதிகாரி தருமன் வந்தார். சந்தனா வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்த நேரத்தில் பெண்கள் பொட்டலத்தைப் பிரித்துக் கட்டி முடித்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நாடாவும் வெள்ளை, எலாஸ்டிக்கும் வெள்ளை.

"இழுங்கடீ!" என்றாள் சந்தனா.

இழுத்தார்கள். நாடா நீளவில்லை. நம்ம டீச்சர் பெயரைக் காப்பாற்ற வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் இழுத்தார்கள். இடது பக்க நாடா பட்டென்று அறுந்தது. அந்தப் பக்கச் சுவர் மல்லாந்து விழுந்தது. மூங்கிலும் எட்டுப் பேரும் வலது பக்கம் அப்படியே போய் மற்றச் சுவரில் மோத, மூங்கில் முனை தருமன் பக்கம் திரும்ப, அவர் ஒரே தாவலாக ராஜம்மாளுக்குப் பின்னால் போய் ஒளிந்தார். மைதானம் முழுக்கப் புழுதி, பின்னல், சிரிப்பு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள் சந்தனா. பதினோரு வருஷம் போச்சு. நாடா முனை ஒன்று அவள் காலடியில் கிடந்தது. எடுத்து இழுத்துப் பார்த்தாள். அழ வேண்டிய நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா இது? இதுதான் தசையா?" என்றார் தருமன், ராஜம்மாளின் தோளுக்கு மேலாக.

"ஆமாங்க சார்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டைட்டின் இல்லாத தசை இப்படித்தாங்க இருக்கும். நீளாது. ஜாஸ்தி இழுத்தா பிஞ்சுடும். நடுவுல இருக்கறது ஒரு பக்கமா போயிடும்."

அதற்குள் கேட்டைத் திறந்துகொண்டு, கழுத்தில் அளவு டேப் தொங்க, வேணு ஓடிவந்தார். கையில் முழு உருளை எலாஸ்டிக். "இழுக்கறதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா டீச்சர்? கடையிலருந்து பாத்து எனக்கே நெஞ்சு அடைச்சுப்போச்சு!"

மறுபடி கட்டினார்கள். இழுத்தார்கள், நீண்டது. விட்டார்கள், இரண்டு சுவர்களும் கெக்கலித்தபடி உள்ளே ஓடிவந்தன. மூங்கில் நடுவிலேயே நின்றது. மூன்றாம் தடவை தருமனே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுவரில் போய் நின்றுகொண்டார். எலாஸ்டிக் அவரையும் பாரபட்சமில்லாமல் இழுத்து வந்தது.

மூச்சு வாங்க அவர் கேட்டார்: "பாடப்புத்தகத்துல இது எங்கம்மா இருக்கு?"

"இல்லீங்க. இப்பதான் கண்டுபிடிக்கறாங்க."

ராஜம்மாளின் முகம் சுருங்கியது. தருமன் மூங்கில் சுமந்த சந்திரகலாவிடம் திரும்பினார். எந்தப் பரீட்சையிலும் தேறாத பெண் அவள். "முன்னாடி போய் மோதினியே, இப்ப ஏன் மோதல?"

"முன்ன ஒரு பக்கம்தான் இழுத்துச்சு சார். இப்ப ரெண்டு பக்கமும் இழுக்குது. நான் பாட்டுக்கு நடுவுல நிக்கறேன்."

தருமன் புழுதியைத் தட்டிக்கொண்டு ராஜம்மாளிடம் சொன்னார்: "இந்த வருஷம் தவளை அறுத்த ஸ்கூல் பன்னெண்டு பாத்துட்டேம்மா. ஒரு பொண்ணு இப்படிப் பதில் சொல்லல." ராஜம்மாள் கால அட்டவணையை எடுத்து, விலங்கியல் என்ற இடத்தில் சந்தனா என்று எழுதினார். அந்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் சந்தனாவுக்கு அழுகை வந்தது.

மாலையில் அவளும் காசியும் பானையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். கவிழ்த்ததும் தவளை கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு தாவியது. பின்னங்கால்கள் முழுநீளத்துக்கு நீண்டு, தண்ணீரைத் தொடுமுன் மடங்கிச் சுருங்கின.

"பாத்தீங்களா காசி!" என்று அவள் கைதட்டினாள்.

வீட்டுக்கு வந்து, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, புது ஆய்வக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினாள்: தவளையின் கால் நீண்டது. சுருங்கியது. தவளை போய்விட்டது.