ஈரத்தில் சிக்கெடுக்கச் சொன்னவன்

ஓரிக்கையில் பட்டுக்குச் சாயம் போடும் பட்டறை, அதை ஒட்டி மாடி வீடு, மாகறல் போகிற சாலையில் கல்யாண மண்டபம். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் கட்டியவை இவ்வளவும். ஒருவரும் கைதூக்கி விடவில்லை. இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்ளாதது ஒன்றுதான்: என் தங்கையின் தலைமுடி.

அவளுக்குச் சுருட்டை. எனக்குத் துடைப்பக் குச்சி. காலையில் அம்மா அவளை மடியில் இடுக்கிக்கொண்டு காய்ந்த முடியில் சீப்பை இழுப்பாள். அவள் அலறுவாள். முடிவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். அவள் அலறுவது எனக்கு ஆகாது. அம்மாவின் மடி அவளுக்கே போவது அதைவிட ஆகாது.

அப்பா தெருவில் பாவு நீட்டும் கூலிக்காரர். நீளமாகக் கட்டிய பட்டிழைகளில் கஞ்சி தெளித்து, ஈரம் காய்வதற்குள் சிக்கெடுத்துவிடுவார். அதைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"காய்ஞ்சதுல யாராவது சிக்கெடுப்பாங்களாம்மா? வடிகஞ்சி ஊத்தி நனைச்சுட்டு, நுனியிலருந்து எடு."

"வந்துட்டாருபா மேஸ்திரி. இவளைத் தறியில ஏத்தவாடா போறேன்?"

சொன்னாளே தவிர, ஆறிய கஞ்சியை எடுத்து ஊற்றினாள். சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அலசியதும் முடி சுருள் சுருளாக நின்றது. கருட சேவைக் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட அதைத் தொட்டுப் பார்த்தார்கள். என்னை நகர்ந்து நிற்கச் சொன்னார்கள்.

வேலை சீக்கிரமாக முடியும், அடுத்து மடி எனக்குத்தான் என்று கணக்குப் போட்டிருந்தேன். நடந்தது வேறு. அழுகை நின்றதும் இருவருக்கும் அது சுகமாகிவிட்டது. செம்பருத்தி இலை அரைத்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள், வெயில் ஏறும்வரை எழவில்லை.

"எனக்கும்மா?"

"உனக்கு என்னடா சிக்கு இருக்குது? போய் வெளையாடு."

வலி போனால் மடி காலியாகும் என்று நினைத்த வயது. வலி போன இடத்தில்தான் ஆள் நன்றாகச் சாய்ந்து உட்காரும் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

இன்று தங்கை ரசாயனம் படித்தவள். சுருட்டை முடிக்குக் களிம்பு செய்து விற்கிறாள். கஞ்சியின் மாவு இழைமேல் படிந்து உராய்வைக் குறைக்கிறது, அதனால் முடி அறுவதில்லை என்று செல்போனில் வீடியோ போட்டு விளக்குகிறாள். எல்லாம் சரி. கடைசியில், "இது எங்கம்மா கத்துக்குடுத்தது" என்று முடிக்கிறாள். போன் போட்டுக் கேட்டேன்.

"அம்மா பேரைத்தானண்ணா சொன்னேன். அதுலயும் பொறாமையா?"

ஆமாம், பொறாமைதான். அம்மா ஊற்றினாள், ஊற்றச் சொன்னது நான். இனிமேல் அவள் பேசும்போது என் பேரையும் சொல்லட்டும். அம்மா பேருக்குப் பின்னால் வேண்டாம், முன்னால்.