மஞ்சள் குறியை மறைத்தவர்

மில்லர்புரத்தில் லேப்டாப் கெட்டால் ஜீவமணியிடம்தான் கொண்டுபோவார்கள். துறைமுகத்து ஏஜென்ட் ஆபீஸ்காரர்கள் காலையில் கொடுத்துவிட்டு மத்தியானமே வந்து நிற்பார்கள். அவரும் சளைக்காமல் விண்டோஸ் ஏற்றி, சத்தம் வருகிறதா, வைஃபை எடுக்கிறதா என்று பார்த்து, திரையைத் துடைத்துக் கொடுப்பார். கைராசிக்காரர் என்று பெயர். பெயர் வாங்குவதில் ஒரு வில்லங்கம் உண்டு. பிறகு அதைக் காப்பாற்றத் தில்லுமுல்லு செய்யவேண்டி வரும்.

உள்ளுறுப்புகளை இயக்கும் டிரைவர் மென்பொருள் எல்லாம் போட்ட பிறகும், சில லேப்டாப்பின் உறுப்புப் பட்டியலில் பெயர் தெரியாத ஏதோ ஒன்றுக்கு மஞ்சள் குறி மிச்சம் நிற்கும். பெரும்பாலும் அது உள்ளேயிருக்கும் மோஷன் சென்சார். லேப்டாப் கைதவறி விழுந்தால், தரையைத் தொடுமுன்பே ஹார்டு டிஸ்க்கின் ஊசியை ஒதுக்கி நிறுத்துவது அதன் வேலை. டிரைவர் இல்லாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். எந்த வாடிக்கையாளரும் அதைக் கேட்டதில்லை. தேடிப்பிடிக்கச் சோம்பல்பட்டு, அதை டிசேபிள் செய்து, குறியை மறைத்து அனுப்பிவிடுவார் ஜீவமணி.

ஜனவரியில் ஜெப்ஸியின் லேப்டாப்பையும் அப்படித்தான் அனுப்பினார். நாசரேத்துப் பெண். முத்துச்சிப்பிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். முக்குளிப்பவர்களோடு படகில் போய், கடலடியில் எங்கெங்கே எத்தனை சிப்பி என்று அங்கேயே லேப்டாப்பில் ஏற்றிவிடுவாள். மார்ச்சில் கண் சிவந்து வந்து நின்றாள்.

“படகுல வச்சுக் கை வழுக்கிட்டு அண்ணாச்சி. ரெண்டு வருஷ சர்வே இதுலதான் கெடக்கு. வேற எங்கனயும் காப்பி இல்ல.”

ஜீவமணி அதை ஓட்டி, காதருகே வைத்துக் கேட்டார். டக், டக் என்றது. ஊசி தகட்டைக் கீறியிருந்தது.

“இனி ஒண்ணும் எடுக்க முடியாதும்மா.”

அவள் அழவில்லை. “நீங்க நல்லாத்தான் செஞ்சு தந்திய. நான்தான் கூறுகெட்டு கீழ போட்டுட்டேன்” என்றாள்.

சென்சார் வேலை செய்திருந்தாலும் டிஸ்க் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படித்தான் ஜீவமணி தன்னைத் தேற்றிப் பார்த்தார். அது நெஞ்சில் ஒட்டவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் அவரை அதிகமாகக் கூசவைத்தது.

அவளை உட்காரவைத்து, புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏற்றினார். மஞ்சள் குறி வந்தது. விரல் பழக்கத்தில் டிசேபிளுக்கே போனது. அந்த விரலைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. திரையை அவள் பக்கம் திருப்பி, ஜனவரியில் செய்ததை மறைக்காமல் சொன்னார்.

ஜெப்ஸி ஏசுவாள் என்று காத்திருந்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சென்சாரின் எண்ணைத் தேடி, டிரைவரை இறக்கிப் போட்டார். மஞ்சள் குறி போனது.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மூணு நிமிச வேலைதானா அண்ணாச்சி இது?”