பரிசல் தூக்கும் பெண்

எனக்கு ஏரி மீன் என்றால் உயிர். பல் போனாலும் ஜிலேபி மீன் முள்ளை நாக்காலேயே பிரித்துவிடுவேன். அந்த ருசிக்காகத்தான் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போனேன். கவிழ்த்த பரிசல் ஒன்று இரண்டு கால் முளைத்துக் கரையேறி வந்தது. கிட்டே வந்ததும் பார்த்தால், அதன் அடியில் ஒரு பெண். ஒல்லி உடம்பு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, வாயெல்லாம் சிரிப்பு.

பரிசலை இறக்கி, கரையில் வைத்திருந்த கூடையிலிருந்து எனக்கு மீனை எடை போட்டுத் தந்தாள். பிறகு பரிசலை வீட்டுக்குத் தூக்கிப்போகக் கிளம்பினாள். குனியவே இல்லை. பக்கத்தில் குந்தி, விளிம்பை மார்போடு அணைத்து, முதுகு வளையாமல் காலாலேயே எழுந்தாள்.

"இதென்ன கண்ணு, கைக்கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கறே?" என்றேன்.

"எங்கூட்டுக்காரரு இதை வெடுக்குன்னு குனிஞ்சு தூக்குனாருங்கம்மா. இடுப்பு போயிருச்சு. படுத்த படுக்கைதான். அவரையும் இப்படித்தான் தூக்கி உக்கார வெக்கறேன். என்ற முதுகும் போச்சுன்னா அவரத் தூக்க ஆரு இருக்கறா?"

"நானும் ஒரு பக்கம் புடிக்கறேன் சாமி" என்று கை நீட்டினேன்.

"ஐயோ, வேண்டாமுங்க! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தூக்கறதுக்கு ஊட்டுல ஆளு இருக்குதுங்களா?"

மீனோடு வந்து, வீட்டுப் பூட்டைத் திறந்தேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தவள், அவள் நினைவு வந்து குந்தினேன். இந்நேரம் அவள் வீட்டுக்காரரைத் தூக்கி உட்காரவைத்திருப்பாள்.

தூக்குவதற்காவது அவளுக்கு ஒருவர் இருக்கிறார்.