செவ்வாய் மார்க் லேபிள்

பிறை சூடிய பெருமானே, கோள்கள் யாவும் நின் ஏவலுக்குச் சுழல்பவை. எளியேன் எழுத்தும் நின் திருவடியில் தொடங்குக. ஆவணி வளர்பிறைப் பஞ்சமியாகிய இன்று, தீப்பெட்டி ஆபீசில் ஃபோர்மேனாக இருந்தபோது நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

1. பசைத்தட்டு

செவ்வாயிலிருந்து வந்து விழுந்த கல்லில் உயிரின் தடம் இருக்கலாம் என்று தொண்ணூறுகளின் நடுவில் செய்தித்தாள்கள் எழுதின. கோவில்பட்டி டீக்கடைகளிலும் அதே பேச்சு. எங்கள் முதலாளி உடனே ‘செவ்வாய் மார்க்’ லேபிள் அடித்துவிட்டார்: சிவந்த கோளத்தின்மேல் ஒரு பச்சை மனிதன்.

லேபிள் ஒட்டும் பெண்கள் பசைத்தட்டைத் தொடவில்லை. செவ்வாய் தோஷம் வரனைத் தடுக்கும், கணவன் உயிரை வாங்கும் என்று அஞ்சுகிறவர்கள், அந்தப் படத்தைப் பகலெல்லாம் கையில் வைத்திருப்பார்களா?

“சனிக்கிழமை லோடு ஏறலைன்னா ஆபீசைப் பூட்டிருவேன். சொல்லிப் பாரும்வே” என்றார் முதலாளி.

சொன்னேன். ஒருத்தியும் அசையவில்லை. கடைசியில் பேச்சியம்மாள் எழுந்தாள். முப்பதை நெருங்கியவள், பிறந்த ஜாதகத்திலேயே அந்த தோஷம். அதே தோஷமுள்ள ஓட்டப்பிடாரத்து மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்க்க வரவிருந்தார்கள்.

“கொண்டாங்க அண்ணாச்சி, நான் ஒட்டுதேன்.”

“ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? வெள்ளிக்கிழமை வாராவல்லா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“அடுப்பு எரியாத வீட்டுக்கா வரச் சொல்ல?”

கணவனை இழந்த இருவர் அவளருகே வந்து உட்கார்ந்தார்கள். லோடு ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை.

2. ஓட்டப்பிடாரம்

நானே போய்ப் பையனின் தந்தையைப் பார்த்தேன். அடியாரைக் கோள்கள் தீண்டா என்று பாடிய பெரியோர் வாக்கையெல்லாம் எடுத்துரைத்தேன். அவர் கைகூப்பியபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அதெல்லாம் சரிதான் அண்ணாச்சி. ரெண்டு ஜாதகமும் தராசுத் தட்டு மாதிரி சமமா இருந்துச்சு. அந்தப் பிள்ளை லேபிளைத் தொட்டுக் கூடக் கொஞ்சம் ஏத்திக்கிட்டுல்லா. எங்களுக்கு ஒரே பையன்.”

கரிசல் காட்டு வழியே திரும்பிய பேருந்தில், எனக்குத் தெரிந்த பாடல்களில் ஒன்றும் நாவில் எழவில்லை. அவ்வளவு களைப்பு.

3. தேடல்

சில ஆண்டுகள் கழித்து, செவ்வாயில் ஒரு வண்டி இறங்கியதாகச் செய்தி வந்தது. பேச்சியம்மாள் அப்போதும் லேபிள்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள், வேறு படம்.

“அங்கன ஆளு யாரும் இருக்காவளா அண்ணாச்சி?”

“தேடுதாவ தாயி.”

“இருந்தா, இங்கன பொண்ணு பாக்க வரச் சொல்லுங்க. அந்த ஊருக்காரவிய செவ்வாய்க்குப் பயப்பட மாட்டாவல்லா.”

கூடம் முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

பணிக்கு வரும் இளையோருக்கு ஒன்று சொல்வேன். எந்தப் படமானாலும், அச்சுக்குக் கொடுக்குமுன் அதை ஒட்டப்போகிற பெண்களிடம் காட்டுங்கள். ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் செய்தேன்.

இதைப் படிப்போர் இல்லங்களில் அடுப்பு அணையாதிருக்க. ஒன்பது கோளும் உங்களுக்கு நல்லனவே செய்க.