ப்ரோக்கன் ஹில்லின் அரை மணித்தியாலம்

வாயைத் திறந்தால் தூசி. சிவப்புத் தூசி. சோறு தின்னேக்க பல்லுக்குள்ள நறநற எண்டும். யன்னலை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் காலமை எழும்பிப் பார்த்தால், தலகாணியில என்ர தலை இருந்த இடம் மட்டும் வெள்ளையா இருக்கும்...

ப்ரோக்கன் ஹில். அவுஸ்திரேலியாவின்ர உள்ளுக்கை, மொட்டை மலையளுக்கு நடுவில கிடக்கிற பட்டினம். குடிக்கிற தண்ணியும் தூரத்து ஆத்தில இருந்து குழாயில வரவேணும். விசாவுக்காக ரெண்டு வருசம் அங்க ஒரு கராஜில மெக்கானிக்கா இருந்தனான். எனக்குத் தெரிய முழு ஊருக்கும் தமிழன் நான் ஒருத்தன் தான். தமிழில சண்டை பிடிக்கவாவது ஒரு ஆள் இல்லையே எண்டிருக்கும். பகிடி இல்லை, உண்மையாத்தான் சொல்லுறன்.

கராஜ் முதலாளி கெவின். தலைமுறை தலைமுறையா சுரங்கத்தில வேலை செய்த குடும்பம். மனுசன் வாயைத் திறந்தால் ஊர்க்கதை தான். ஆட்டுப் பண்ணையில வேலி பார்த்துத் திரிஞ்ச ஒருத்தன் கல்லொண்டைப் பொறுக்கினானாம். பார்த்தால் மலை முழுக்க வெள்ளியும் ஈயமும். பிறகென்ன... தோண்டித் தோண்டி, ஊருக்குப் பேர் குடுத்த மலையையே காணாமல் பண்ணிப் போட்டாங்கள். இப்ப அந்த இடத்தில நிக்கிறது தோண்டிக் கொட்டின கறுப்புக் கழிவு மேடு.

தெருவுக்கெல்லாம் கெமிஸ்ட்ரிப் புத்தகத்தில இருக்கிற பேர். நான் இருந்தது ஆக்சைட் ஸ்ட்ரீட். சாமான் வாங்கப் போனால் குளோரைட் ஸ்ட்ரீட். ஏ.எல் சோதினையில கெமிஸ்ட்ரி பெயில் விட்ட எனக்கு நல்லா வேணும்!

ஊர் ஓரத்தில தகரத்தால கட்டின குட்டிப் பள்ளிவாசல் ஒண்டு இருக்கு. கடல் கடந்து ஒட்டகம் ஓட்ட வந்த முஸ்லிம் ஆக்கள் கட்டினது. அந்தக் காலத்தில சாமான் சக்கட்டெல்லாம் ஒட்டகத்தில தானே. வேலை முடிய அங்க போய்ச் சும்மா இருப்பன். எங்கயோ பிறந்து, இந்த வெக்கைக்குள்ள வந்து தங்கட ஊரை நினைச்சு அழுதவங்கள் எனக்கு முன்னமும் இருந்திருக்கிறாங்கள் எண்டு ஒரு ஆறுதல்.

ஊர் இருக்கிறது சிட்னி இருக்கிற மாநிலத்துக்குள்ள தான். ஆனால் சிட்னி ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல. அடிலேட் அதில அரைவாசி. அந்த நாளில வெள்ளி ஏத்தின ரயிலும் அடிலேட் பக்கம் தான் போனது. அதால மணிக்கூடும் அடிலேட் மணிக்கூடு. சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் அரை மணித்தியாலம் பின்னால. நேரம் பற்றி என்ன கதைச்சாலும் கெவின் முதல் கேக்கிறது, "எங்கட டைமா, சிட்னி டைமா?"

நான் அங்க இருக்கேக்க, ஒரு குளிர்காலத்தில தான் யாழ்ப்பாணத்தில அப்பா போயிட்டார்.

அடுத்த நாளே பிரேதம் எடுக்கினம். எந்தப் பிளேன் பிடிச்சாலும் போய்ச் சேரேலாது. மெல்பேர்னில, மல்கிரேவில இருந்த அண்ணாவுக்கு அகதி விசா, அவரும் போகேலாது. ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள் இருந்தும் கொள்ளி வைக்கப் போனது தங்கச்சி தேவியின்ர மனுசன். எங்களுக்கு மிஞ்சினது, கடைசியா ஒருக்கால் போனில அப்பாவின்ர முகம் பார்க்கிறது. அது ஒண்டு தான்.

அண்ணா அழுதழுது சொன்னார், "நான் மச்சான்ர போனில பார்க்கிறன். நீ ரெண்டரைக்குத் தேவியின்ர போனுக்கு எடு. பிந்திப்போடாத, அரை மணித்தியாலத்துக்குள்ள பெட்டியை மூடிப்போடுவினம்."

"ஓம் அண்ணா" எண்டன்.

எங்கட டைமா, மெல்பேர்ன் டைமா எண்டு கேக்க வாயில வரேல்லை. அண்ணாவுக்கும் அது நினைவில்லை. அப்பா செத்துப்போய்க் கிடக்கேக்க ஆர் மணிக்கூட்டை யோசிக்கிறது!

முழுகி, வேட்டி கட்டி, ரெண்டு மணிக்கே போனைக் கையில வச்சுக்கொண்டு கதிரையில இருந்தன். லைன் பிசியாகக் கூடாதெண்டு ஆருக்கும் எடுக்கேல்லை. சும்மா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன். அந்த அரை மணித்தியாலம் தான் அப்பா எங்கட வீட்டில இருந்த கடைசி அரை மணித்தியாலம்.

ரெண்டரைக்கு எடுத்தன். உடன தேவி எடுத்தாள்.

"சின்னண்ணா... இப்பதானே கொண்டு போயிட்டினம். போனைக் கையிலயே வச்சிருந்தனான். நீங்கள் தாங்கேலாமல் விட்டிட்டீங்கள் எண்டு நினைச்சன்."

எங்கட பக்கம் பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை, வாசல் படலையோட நிண்டிடுவினம். அண்ணா மச்சான்ர போனில சுடலை வரைக்கும் போயிட்டார். நான் தேவியோட படலையடியில நிண்டிட்டன். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். வீடு கழுவத் தொடங்கியிருந்தினம்.

கொஞ்ச நேரத்தால அண்ணா எடுத்தார். "வடிவாப் பார்த்தனியோடா?"

நீங்கள் சொன்ன ரெண்டரை இங்க ரெண்டு மணி, நான் பிந்திப்போனன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அந்த மனுசன் ஏற்கெனவே உடைஞ்சு போய் நிக்குது. "ஓம் அண்ணா, பார்த்தனான்" எண்டன். தேவியையும் மூச்சு விடக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன்.

கெவினுக்கு மட்டும் சொன்னன். மனுசன் அண்டைக்கு என்ர வேலையையும் தானே செய்து முடிச்சுது.

இப்ப நானும் மல்கிரேவில தான். அண்ணா வீடு காரில அஞ்சு நிமிசம். தமிழ்க் கடை, கோயில், சொந்தபந்தம் எல்லாம் இருக்கு. அப்பாவின்ர திவசத்துக்கு அண்ணா வீட்டில இருவது பேராவது சாப்பிடுவினம். அப்ப ப்ரோக்கன் ஹில்லில தனிய இருக்கிறன் எண்டு சொன்னால் கேட்டவைக்கு உடன விளங்கும். இந்த இருவது பேருக்கு நடுவில ஏன் தனிய இருக்கிறாய் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல... அண்ணா ஃபேஸ்புக் பக்கம் வாறேல்லை. அதால தான் இங்க எழுதுறன்.

இந்த முறை திவசச் சாப்பாடு முடிய அண்ணா பக்கத்தில வந்திருந்தார். வயசு போயிட்டுது மனுசனுக்கு.

"டேய், அண்டைக்கு அப்பாவின்ர நெத்தியில சந்தனப் பொட்டும் வச்சிருந்தவையோ, வீபூதி மட்டுமோ? எனக்கு மறந்து போச்சு. நீ வடிவாப் பார்த்தனி தானே, சொல்லு."

"சந்தனமும் இருந்தது அண்ணா. பெரிய பொட்டு" எண்டன்.

"ஓமடா, ஓம்... இப்பதான் எனக்கு அந்த முகம் திரும்ப வருது" எண்டு கண்ணைத் துடைச்சார்.