இரண்டு இருமல்

பூம்பாறைக்கு மேலே சோலைக்காட்டில் கருமந்திகள் எப்படித் தூங்குகின்றன, எது எதை ஒட்டிப் படுக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டிய வனக்காவலர் பச்சைக் கம்பளிக் குல்லாய் போட்ட ஒல்லி மனிதர். விடிகாலையில் மந்திகள் தூங்கும் மரத்தை நெருங்குமுன் இரண்டு முறை இருமுவார். மந்திகள் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

"இருமாதீங்க, ஆராய்ச்சி கெட்டுப்போகும்" என்றேன்.

"வெள்ளனே வர்றது நம்மதான்னு தெரிஞ்சாத்தாங்க அதுக தூங்கும்" என்றார். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மறுநாள் சத்தமில்லாமல் போனோம். என் காலடியில் சுள்ளி முறிந்ததும் கூட்டமே அலறிச் சிதறியது. ஒரு வாரம் காத்திருந்தும் அந்த மரத்துக்கு அவை திரும்பவே இல்லை.

நோட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். பக்கத்தில் நின்று வாசித்தவர் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

அன்று மாலை என் அறை வாசலில் இரண்டு முறை இருமிவிட்டு, "டீ கொண்டாந்திருக்கேங்க" என்றார். கதவைத் திறக்க எனக்கு முகமில்லை.