நாலு நோன்பு, ஒரு துண்டு பாண்

பிள்ளைக்குச் சோறு தீத்தத் தெரியாத உம்மா இந்தக் கரையில் ஒருத்தியும் இல்லை. அதனால்தான் பிள்ளைகளைச் சாப்பிடப் பழக்குவதையே தொழிலாகச் செய்கிற என்னை இங்கே எவரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. பாலமுனையிலிருந்து பஸ் ஏறிக் கல்முனையில் ஒரு சிறுவர் நிலையத்துக்குப் போய் வருகிறேன். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள்தான் அங்கே வருவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் என்ன வேலை என்று கேட்பாள். சொன்னால், "அல்லா, இதுக்கும் படிக்கோணுமா?" என்று வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

சாப்பிடாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கிறவர்களும் இருப்பீர்கள். சட்டையிலும் சுவரிலும் சோறு காய்ந்து ஒட்டிய வீட்டுக்காரர்கள் நீங்கள். "நீ ஒழுங்காத் தீத்துறா இல்ல" என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்தவர்கள். நான் உங்கள் பக்கம்தான். ஆனால் நான் செய்த ஒரு பிழையும் இதில் இருக்கிறது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டே சாமான்

ஸஹ்றாவை அவளுடைய உம்மா ஜெஸீமா நற்பிட்டிமுனையிலிருந்து முதன்முதல் கூட்டி வந்தபோது பிள்ளைக்கு ஏழு வயது. போட்டிருந்தது ஐந்து வயதுப் பிள்ளையின் சட்டை, அதுவும் தோளில் நிற்காமல் வழிந்தது. அவள் கதைக்க மாட்டாள். வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள், வேண்டாததைத் தள்ளிவிடுவாள்.

நான் கொப்பியை விரித்து, பிள்ளை சாப்பிடுகிற சாமான்களைச் சொல்லுங்கள் என்றேன். மற்ற உம்மாமார் பத்துச் சொல்வார்கள், குறைந்தது ஐந்து சொல்வார்கள். ஜெஸீமா இரண்டு சொன்னாள். ஒன்று, ஆணம், கறி எதுவும் படாத வெள்ளைச் சோறு. அதுவும் பூப்போட்ட ஒரே ஒரு பீங்கானில். மற்றது, காலை ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வருகிற பேக்கரிப் பாண் வண்டியின் பாண். ஓரம் வெட்டி, உள்ளே இருக்கிற வெள்ளை மட்டும். பாட்டுக் கேட்டதும் பிள்ளை பீங்கானைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு ஓடுவாளாம். மீன், முட்டை, பழம் ஏதாவது வரும் என்று நான் பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன். ஜெஸீமா சொன்னாள்: "கொப்பிய மூடுங்க மிஸ். அவ்வளவுதான்."

பசி வைத்தியம்

ஸஹ்றாவின் வாப்பாவுக்கு மூத்தவராக ஒரு ராத்தா. ஸஹ்றாவுக்கு மாமி முறை. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் என்பதால் எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர். "பசிச்சாத் தானாத் தின்னுவா, என்னட்ட உடுங்க" என்று ஒரு சனிக்கிழமை பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். பூப்போட்ட பீங்கானை ஒளித்து வைத்தார். பொரித்த மீனும் புட்டும் முன்னால் வைத்தார். ஞாயிறு பின்னேரம் வரை பிள்ளை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் குந்தியிருந்தாள். ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

திங்கட்கிழமை பிள்ளை உதடு வெடித்து வந்தாள். மாமியும் கூட வந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இது பிடிவாதம் இல்லை, பயம் என்று சொன்னேன். உங்கள் சோற்றில் கரப்பான் கிடந்தால் பசிக்கிறது என்று தின்பீர்களா, அவளுக்கு உங்கள் புட்டு அப்படித்தான் என்று சொன்னேன். இந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பசியே சரியாகத் தெரியாது, விட்டால் விழுகிற வரைக்கும் பட்டினி கிடப்பார்கள் என்றும் சொன்னேன். இதையெல்லாம் சொன்னவள் நான்தான். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு எழும்பினார்: "ரெண்டு நாள் பத்தா மிஸ். ஒரு கிழம வெச்சிருந்தா வழிக்கு வந்திருப்பா."

சஹனில் ஒரு தனிப் பீங்கான்

எங்கள் கலியாண வீடுகளில் நாலைந்து பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவோம். சஹன் என்போம். பணக்காரர், இல்லாதவர் என்று பாராமல் ஒரே தட்டில் கை வைப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு சாமான் இன்னொரு சாமானைத் தொட்டாலே அலறுகிற பிள்ளைக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

சொந்தத்தில் ஒரு கலியாணம். ஜெஸீமா பூப்போட்ட பீங்கானிலேயே வெள்ளைச் சோறு போட்டு, துணியால் கட்டிக் கொண்டுபோயிருக்கிறாள். சஹனில் கூட இருந்த ஒரு பெண், "புள்ளைக்குத் தனிச்சோறு என்ன?" என்று அன்பாகவே ஒரு பிடி பிரியாணியை அள்ளி வெள்ளைச் சோற்றின் மேல் வைத்துவிட்டாள். ஸஹ்றா கத்தினாள். பிறகு ஓங்காளித்து, சஹனுக்குள்ளேயே சத்தி எடுத்தாள். நாலு பெண்கள் கையை உதறிக்கொண்டு எழும்பினார்கள். ஜெஸீமா தன் முக்காட்டுத் துணியால் பாயைத் துடைத்தாள்.

மறுநாள் இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கலியாணத்துக்கும் போகவுமில்லை. சத்தி எடுத்ததைவிட, எழும்பிப் போன ஒருத்தி சொன்னதைத்தான் அவள் மறக்கவில்லை: "வளக்கத் தெரியாட்டி ஊட்டுல வெச்சிட்டு வாறதுதானே."

வெள்ளைக்குள் வெள்ளை

நான் எல்லா உம்மாமாருக்கும் முதல் நாளே சொல்வது, பிள்ளை நம்பிச் சாப்பிடுகிற சாமானுக்குள் எதையும் ஒளிக்காதீர்கள் என்பது. எல்லோரும் தலையாட்டுவார்கள். எல்லோரும் ஒளிப்பார்கள். பிள்ளையின் நெஞ்செலும்பை எண்ணக்கூடியதாக இருந்தால் நீங்களும் ஒளிப்பீர்கள்.

கிளினிக்கில் புரதம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். ஜெஸீமா முட்டையை அவித்து, மஞ்சளை எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் பருக்கை பருக்கையாக உதிர்த்துச் சோற்றில் கலந்திருக்கிறாள். அரை மணித்தியால வேலை. இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவது வாயில் ஸஹ்றா நிறுத்தி, விரலை விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். அன்றோடு சோறு போய்விட்டது. பூப்போட்ட பீங்கானில் இனிப் பாண் மட்டும்தான். என் கொப்பியில் இரண்டு இருந்த இடத்தில் ஒன்று என்று எழுதினேன்.

அடுத்த முறை வாப்பாவும் வந்தார். சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிற மனிதர், அதுவரை எங்கள் நிலையத்தின் படி ஏறாதவர். கதவோரமாக நின்று தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டே சொன்னார்: "ஊருக்கெல்லாம் சோறு போக வெள்ளாம செய்ற நான் மிஸ். என்ட மகள்ட வாய்க்குள்ள ஒரு பருக்க போகுதில்ல."

ஒரு விரல் தயிர்

தயிரைத் தெரிவு செய்தேன். வெள்ளை, மணம் குறைவு, மெல்லத் தேவையில்லை. முதல் கிழமை கிண்ணத்தை மேசையின் அந்தத் தொங்கலில் வைத்தேன், அவ்வளவுதான். பிறகு ஒரு சாண் கிட்ட. பிறகு கரண்டியால் அவளே கிண்டலாம். பிறகு விரலால் தொடலாம், உடனே துடைக்கலாம். வாயில் வை என்று ஒருநாளும் சொல்லவில்லை. இதைப் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் விளையாடிப் பொழுதைப் போக்குகிறோம் என்றுதான் தோன்றும்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, தொட்ட விரலைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நக்கினாள். கை தட்டினால் பயந்துவிடுவாள் என்பதால் நான் கல்லாகிப் போய் இருந்தேன். என்னோடு வேலை செய்கிற பாண்டிருப்புச் சுகந்தி கதவடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "அக்கா, மூச்ச விடுங்க. அவ ரெண்டாந்தரமும் நக்கிட்டா."

முதல் நோன்பு

அதற்குப் பத்து நாள் கழித்து ரமழான் பிறந்தது. முதல் கிழமை நிலையம் பூட்டு. முதல் நோன்பு அன்று பின்னேரம் அஸர் நேரம் நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும்போது ஜெஸீமா போன் எடுத்தாள். அவளுடைய குரலில் சந்தோசத்தை அன்றுதான் முதல்தரம் கேட்டேன். "மிஸ், ஸஹ்றா நோன்பு மிஸ்! சஹர்ச் சாப்பாட்டுக்கு எங்களோடயே ஒழும்பி இருந்தா. விடிஞ்சதும் கடையில வாங்கின பாண வெட்டி வெச்சுப் பாத்த நான், தள்ளி உட்டுட்டா. தண்ணியும் வேணாமாம். எல்லாரையும் பாத்து அவக்கு விளங்கிட்டு மிஸ்." நான் அகப்பையைக் கையில் பிடித்தபடி, "மாஷா அல்லாஹ்" என்றேன்.

பாங்கு சொன்னதும் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள், ஸஹ்றாவும் குடித்தாள். வேறொன்றும் தொடவில்லை. களைப்பு என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் நோன்புக்குப் படம் எடுத்துக் குடும்பத்துக்கெல்லாம் வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மூன்றாம் நோன்புக்கு மாமி வந்து, "எங்கட ரெத்தம்" என்று கட்டிப்பிடித்து அழுது, தங்கத் தோடு போட்டுவிட்டார். கலியாண வீட்டில் எழும்பிப் போனவள்கூட பேரீத்தம்பழப் பெட்டியோடு வந்தாளாம். ஜெஸீமாவுக்கு இரண்டாம் நாளே நெஞ்சு இடித்திருக்கிறது. மிஸ்ஸே மாஷா அல்லாஹ் என்றுதானே சொன்னவ என்று தன்னைத் தேற்றிக்கொண்டாளாம்.

நாலாம் நாள் நடுப்பகல் லுஹர் நேரம் பிள்ளை எழும்ப முயன்று விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று டொக்டர் கேட்டார். ஜெஸீமா சொன்ன பதிலை வார்ட்டில் இருந்த நேர்ஸ் எனக்குச் சொன்னார்: "நாலு நோன்பு, டொக்டர்."

பாண் வண்டி

சேலைன் ஏற்றினார்கள். பிறகு மூக்கால் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். அவள் இரண்டு தரம் குழாயைப் பிடுங்கினாள். மூன்றாம் தரம் கையைக் கட்டினார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு குழாயை எடுத்து, இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள், வாயால் சாப்பிடாவிட்டால் திரும்பக் குழாய்தான், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிவரும் என்றார் டொக்டர். நான் கட்டிலடியில் கொப்பியை விரித்து, நோன்புக்கு முந்திய ஒரு நாளை மணிக்கு மணி சொல்லச் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஏழு மணிக்கு வந்த இடத்தில் ஜெஸீமா நின்றுவிட்டாள். நோன்பு ஊரில் காலையில் பாண் வாங்க யார் இருக்கிறார்கள்? வண்டி மாதம் முழுக்க வராது. பாட்டு இல்லை, பாட்டு இல்லாத பாண் அவளுக்குப் பாணே இல்லை. இருந்த ஒரே சாமானும் முதல் நோன்போடு நின்றுபோயிருந்தது. நாங்கள் தோடு போட்டுக் கொண்டாடியது அதைத்தான்.

பாண்கார நியாஸின் வீட்டைத் தேடிப் போனேன். நோன்புக் களைப்பில் படுத்திருந்த மனிதர் எழும்பி வந்து நான் சொன்னதை எல்லாம் கேட்டார். "நோன்போட காலங்காத்தால பாட்டுப் போட்டுக்கு ஓடினா ஊர்ச்சனம் என்னச் சும்மா உடுமா மிஸ்?" என்றார். அவரை வற்புறுத்த எனக்கு என்ன தகுதி? மறுநாள் ஏழு மணிக்கு, ஜெஸீமா வீட்டின் ஆள் நடமாட்டமில்லாத தெருவில், ஒரே ஒரு றாத்தல் பாணோடு அவருடைய வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. மேல் வீட்டு ஜன்னலைத் திறந்து யாரோ ஏசினார்கள். நியாஸ் தலையைக் குனிந்துகொண்டார், பாட்டை நிறுத்தவில்லை.

ஸஹ்றா வந்தாள். காதில் தோடு, கன்னத்தில் குழாய் ஒட்டிய பிளாஸ்டரின் தழும்பு, கையில் பூப்போட்ட பீங்கான். ஓரம் வெட்டிய ஒரு துண்டில் பாதியைக் கேற்றடியில் நின்றே தின்றாள். மாதம் முடியும்வரை நியாஸ் ஒருநாள் தவறாமல் வந்தார். தயிர்க் கிண்ணத்தை மட்டும் இன்றுவரை அவள் மேசையில் வைக்க விடவில்லை. அன்று அந்தப் பாதித் துண்டைப் பார்த்துக்கொண்டு ஜெஸீமா மண்ணில் அப்படியே இருந்துவிட்டாள்: "அல்ஹம்துலில்லாஹ். எங்கட புள்ள நோன்ப முறிச்சிட்டா மிஸ்."

ஒரு பிள்ளை சாப்பிடவில்லை என்றால் ஏன் என்று கேட்பதற்கென்றே படித்துவிட்டு வந்தவள் இந்தக் கரையில் நான் ஒருத்திதான், கேட்க வேண்டிய அன்று நான் கஞ்சி கிண்டிக்கொண்டு மாஷா அல்லாஹ் சொன்னேன்.